முடிவு தெரிந்த கதைக்கு ஏன் இத்தனை கண்ணீர், இத்தனை கோபம்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்தில் உங்கள் வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் 'தி சோசன்' என்கிற ஆங்கிலத் தொடரின் மூன்றாம் சீசன் கடைசி எபிசோடைப் பார்த்திருக்கிறீர்கள். அம்மா தேம்பித் தேம்பி அழுதிருக்கிறார். பெரியப்பா பாதியிலேயே எழுந்து, "வேதத்தில் இல்லாததை எல்லாம் சேர்த்துக் காட்டுகிறான்" என்று திண்ணைக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டு மாமியோ, "முடிவு தெரிஞ்ச கதைதானே, இதுக்கு எதுக்கு இவ்வளவு ரகளை?" என்று கேட்டிருக்கிறார். யார் பக்கம் நியாயம் என்று கேட்கிறீர்கள்.

என் பதில்: அம்மாவை அழ வைத்ததும் பெரியப்பாவை எழுந்து போக வைத்ததும் ஒரே விஷயம்தான். அப்பம் பெருகியதற்கோ, தண்ணீர்மேல் நடந்ததற்கோ இருவரில் யாரும் அசையவில்லை. அவை இருவருக்கும் ஞாயிறு பள்ளி நாளிலிருந்தே தெரிந்தவை. அசைத்தது, தொடரை எழுதியவர்கள் நடுவே வைத்த ஒரு துக்கம்.

எது புத்தகத்தில் இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துக்கொள்வோம். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் ஐயாயிரம் பேருக்குப் போதுமானதாக ஆன சம்பவம் நான்கு சுவிசேஷங்களிலும் உண்டு. உயிர்த்தெழுதலை விட்டால், நான்கிலும் இருக்கிற ஒரே அற்புதம் அதுதான். தண்ணீர்மேல் நடந்தது மத்தேயு, மாற்கு, யோவான் மூன்றிலும் இருக்கிறது. ஆனால் பேதுருவும் படகிலிருந்து இறங்கி நடந்தான், பிறகு மூழ்கினான் என்பது மத்தேயு 14-இல் மட்டும்தான். மாற்கு அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

புத்தகத்தில் இல்லாதது, பேதுருவின் மனைவியின் கதை. பேதுருவுக்கு மாமியார் இருந்ததாகச் சுவிசேஷம் சொல்கிறது, ஆகவே மனைவியும் இருந்திருக்க வேண்டும். அவளுக்குப் பெயர் கிடையாது. தொடர் அவளுக்கு ஈடன் என்று பெயர் வைத்து, சீமோன் (பேதுருவுக்கு அதுதான் முதல் பெயர், தொடரும் அப்படித்தான் அழைக்கிறது) ஊழியத்துக்குப் போயிருக்கும் நேரத்தில் அவளுக்குக் கரு கலைந்துபோனதாகவும் எழுதியது. அதே சீசனின் நடுவில், செத்துப்போன யவீருவின் மகளை இயேசு கையைப் பிடித்து எழுப்புகிறார். சீமோன் அந்த வீட்டுக்குள் இருந்தவன். அப்புறம்தான் தன் வீட்டில் நடந்தது அவனுக்குத் தெரியவருகிறது. ஊரான் பிள்ளைக்கு உயிர் கொடுத்தவர், இவருக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவனுடைய பிள்ளையை ஏன் விட்டுவிட்டார்? கடைசி எபிசோடில் சீமோன் படகை விட்டு இறங்கும்போது அவன் காலடியில் இருப்பது இந்தக் கேள்விதான்.

இதை நான் தனியாகப் பார்க்கவில்லை. மாயவரம் பக்கத்தில் எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில், 2023-ஆம் வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில், சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, இரவல் வாங்கிய புரொஜெக்டரில் போட்டோம். ஆங்கிலம்தான் ஓடியது. நான் நடுநடுவே நிறுத்தித் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியாருக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் ஏது? லுத்தரன் சபைக்காரர்கள், இரண்டு மூன்று கத்தோலிக்கக் குடும்பங்கள், சும்மா வேடிக்கை பார்க்க வந்த தெருக்காரர்கள் என்று நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள்.

அப்பம் பெருகும் காட்சியில் மண்டபமே கலகலப்பாக இருந்தது. அதைச் சொல்லாமல் போக முடியாது. எங்கள் கூட்டத்தில் கல்யாணச் சமையல் செய்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். "இங்க ஒரு பந்திக்கு இருநூத்தம்பது பேர்னு வச்சாக்கூட இருபது பந்தி, அதுவும் ஆம்பளைங்க மட்டும்" என்று கணக்குப் போட்டார். சரியான கணக்கு. மத்தேயு, ஸ்திரீகளையும் பிள்ளைகளையும் சேர்க்காமல்தான் ஐயாயிரம் என்கிறார். பரிமாறுகிறவர்கள் பன்னிரண்டு பேர்தானே என்று அவருக்கு உண்மையிலேயே கவலை வந்துவிட்டது.

அவர் பந்தி என்று சொன்னதும் நான் நிறுத்தி ஒரு சின்னப் பாடமே எடுத்துவிட்டேன். நம் தமிழ் வேதாகமத்தில் மாற்கு 6-ஆம் அதிகாரத்தில், ஜனங்களைப் பசும்புல்லின்மேல் 'பந்திபந்தியாக' உட்காரச் சொன்னதாகத்தான் இருக்கிறது. அடுத்த வசனத்தில், வரிசை வரிசையாக நூறு பேராகவும் ஐம்பது பேராகவும் உட்கார்ந்தார்கள் என்று வரும். அந்த 'வரிசை'க்குக் கிரேக்க மூலத்தில் இருக்கிற சொல்லுக்கு நேரான பொருள் தோட்டத்துப் பாத்தி. பச்சைப் புல்வெளியில் பாத்தி பாத்தியாக ஜனங்கள். மாற்கு இதை எழுதும்போது கண்ணில் என்ன பார்த்தாரோ, அது நாற்றங்காலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு விளக்கம் இல்லாமலே புரியும். யோவான் இன்னொன்றும் சொல்கிறார்: அந்தப் பையனிடம் இருந்தது வாற்கோதுமை அப்பம், பஸ்கா பண்டிகை சமீபமாயிருந்தது. அந்த நாட்டில் வாற்கோதுமை அறுக்கிற பருவம் அது. ஏழைவீட்டுத் தானியம்.

அந்தக் காட்சியில் கூட்டமாக நின்றவர்கள் பெரும்பாலும் கூலிக்கு வந்த துணை நடிகர்கள் அல்ல. தொடருக்குப் பணம் கொடுத்து ஆதரித்த ரசிகர்கள், பத்தாயிரம் பேருக்கும் மேல். டெக்சஸில் 2022 கோடை வெயிலில், தங்கள் செலவில் வந்து, உடுப்பையும் தாங்களே தைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். தொடரே அப்படி வளர்ந்ததுதான். முதல் சீசனுக்கு ஒரு கோடி டாலர் அளவுக்குப் பொதுமக்களிடமிருந்து திரட்டினார்கள். அதனால் இந்தத் தொடரின் ரசிகர்கள் சாதாரணப் பார்வையாளர்களைப் போலப் பேசமாட்டார்கள். ஊர்த் திருவிழாவுக்கு வரி கொடுத்தவன் எப்படிப் பேசுவானோ, அப்படி உரிமையோடு பேசுவார்கள். "எங்க தேரு, ஏன் இந்தத் தெருவுல திருப்பினே" என்கிற தொனி. அழுகையிலும் திட்டிலும் நீங்கள் கவனித்த சூடு பாதி அங்கிருந்து வருகிறது என்பது என் எண்ணம்.

சரி, மண்டபத்துக்கு வருகிறேன். பேதுரு படகை விட்டு இறங்கினான், இயேசுவோடு வாக்குவாதம் செய்தான், அலையைப் பார்த்தான், மூழ்க ஆரம்பித்தான். கரண்ட் போய்விட்டது.

இன்வெர்ட்டர் கிடையாது. அரைமணி நேரம் இருட்டு. கொசு. அந்த அரைமணி நேரத்தில்தான் உங்கள் வீட்டில் நடந்தது முழுவதும் எங்கள் மண்டபத்திலும் நடந்தது. ஒரு சபை மூப்பர், உங்கள் பெரியப்பாவின் அச்சு, ஆரம்பித்தார்: "மத்தேயுவுல பேதுரு கோவப்பட்டான்னு எங்க இருக்கு? காத்தைப் பார்த்துப் பயந்தான்னுதானே இருக்கு?"

அவர் சொன்னது முழு உண்மை. இதை உங்கள் அம்மாவிடமும் சொல்லுங்கள். மத்தேயுவின் பேதுரு ஆசையோடு இறங்குகிறான், பலத்த காற்றைக் கண்டு பயந்து அமிழ்ந்துபோகிறான். வீட்டுத் துக்கம் எதையும் அவன் சுமந்துகொண்டு இறங்கியதாக அங்கே ஒரு எழுத்துகூட இல்லை. தொடர், பயத்தின் இடத்தில் மனத்தாங்கலை வைத்தது. இது சின்ன மாற்றம் அல்ல. மூழ்கியதற்கான காரணமே மாறிவிடுகிறது. இன்னொன்றும் மாறியிருக்கிறது. ஐயாயிரம் பேருக்கு உணவளித்தது பெத்சாயிதாவுக்கு அருகே என்பது லூக்கா தரும் தகவல். தொடர் அதைத் தெக்கப்போலிக்கு, யூதரல்லாத புறஜாதியார் கலந்த கூட்டத்துக்குக் கொண்டுபோனது. தெக்கப்போலிப் பக்கம் மாற்கு வைப்பது இன்னொரு விருந்து, நாலாயிரம் பேருக்கானது. இரண்டையும் குழைத்து ஒன்றாக்கிவிட்டார்கள். "நம்ம ஜனம் கஷ்டப்படும்போது இவர் ஏன் அந்நியர் பின்னால் போகிறார்" என்று சீமோன் குமுறுவதற்கு அந்த இடமாற்றம் தேவைப்பட்டது. கதைக்கு வசதி, வேதத்துக்கு அல்ல.

ஆனால் புனிதக் கதையில் சேர்ப்பதே பாவம் என்று மூப்பர் ஒரே போடாகப் போட்டபோது நான் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஊரிலிருந்து தேரழுந்தூர் ரொம்ப தூரம் இல்லை, கம்பன் பிறந்த ஊர். வால்மீகியில் வீடணன் இராவணனுக்குப் புத்தி சொல்வான், ஆனால் இரணியன் கதையை எடுத்துச் சொல்லமாட்டான். கம்பன் அங்கே இரணியன் வதைப் படலம் என்று ஒரு முழுப் படலத்தை நுழைத்தான். திருவரங்கத்தில் அரங்கேற்றத்தின்போது மூலத்தில் இல்லாததை ஏன் சேர்த்தாய் என்று பண்டிதர்கள் மடக்கினார்கள், மேட்டழகியசிங்கர் சந்நிதியிலிருந்து நரசிம்மரே கர்ஜித்துத் தலையை அசைத்து ஒப்புக்கொண்டார் என்று கதை. அந்தக் கதை நடந்ததோ இல்லையோ, பெரியப்பாவின் கேள்வி காவிரிக் கரைக்குப் புதிதல்ல என்பதற்கு அதுவே சாட்சி.

"அது அவங்க கதை" என்றார் மூப்பர். அப்படியானால் நம்முடையதையே எடுத்துக்கொள்வோம் என்றேன். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் எலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர், இயேசுவின் வளர்ப்புத் தகப்பன் சூசையப்பரைத் தலைவனாக வைத்துத் தேம்பாவணி பாடினார். மூவாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட பாட்டு. சுவிசேஷத்தில் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. பேசாத மனிதருக்கு ஒரு காப்பியம்! அதிலே யூதேயா நாட்டைப் பாடுகிற இடத்தைப் பார்த்தால் ஆறும் வயலும் கமுகும் கரும்புமாக நம் மருதநிலம்தான். பாலைவன ஓரத்து நாட்டுக்குக் கொள்ளிடத்துத் தண்ணீரைப் பாய்ச்சிவிட்டார் மனுஷன். அதைப் படித்து யாரும் திண்ணைக்கு எழுந்து போனதாகத் தெரியவில்லை.

இதற்காக எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் ஒரு கோடு உண்டு. பேதுருவின் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று கற்பனை செய்யலாம், அங்கே வேதம் மௌனமாக இருக்கிறது. இயேசுவின் வாயில் புது வார்த்தை வைக்கும்போதுதான் எனக்கு நெஞ்சு கொஞ்சம் இறுகும். மூழ்கியவனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, உனக்காக நிறைய வைத்திருக்கிறேன், கஷ்டமானவையும் அதில் உண்டு, என்மேல் கண்ணை வை என்கிற அர்த்தத்தில் அவர் பேசுகிறாரே, அது சுவிசேஷத்தில் இல்லை. அங்கே இருப்பது, 'அற்பவிசுவாசியே, ஏன் சந்தேகப்பட்டாய்' என்ற ஒரே கேள்வி. அழகான வசனம்தான், நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆனாலும் அதை நாளை ஒருவர் வேத வசனம் என்று வாட்சப்பில் அனுப்புவார். பெரியப்பாவின் பயம் அதுவாக இருந்தால், அது வீண் பயமல்ல.

இருட்டில் இதெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஓர் அக்கா பேசினார். நாகப்பட்டினம் பக்கம் கட்டிக்கொடுத்தவர், 2004 டிசம்பர் 26-இல் அலையில் மகனைக் கொடுத்தவர். நாகை மாவட்டத்தில் மட்டும் அன்றைக்கு ஆறாயிரம் பேருக்கும் மேல் போனார்கள், கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அக்கா சத்தம் போட்டுப் பேசவில்லை. "பதினெட்டு வருஷமா நான் கேக்கறதைத்தான் அவன் கேக்கறான். கேக்கக்கூடாதுன்னு எனக்குச் சொல்லிக்கிட்டே இருந்தாங்க." அவ்வளவுதான் சொன்னார். மூப்பர் அதற்குப் பிறகு வாக்குவாதம் செய்யவில்லை. நானும் தேம்பாவணியை மடக்கி வைத்துவிட்டேன்.

உங்கள் அம்மா ஏன் அழுதார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். ஆனால் கரு கலைந்த பெண்கள் நம் வீடுகளில் எத்தனை பேர், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் மறுவாரம் கோயிலில் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள். ஈடன் கதாபாத்திரம் அவர்களை நேரே பார்த்துப் பேசுகிறது. அந்த எபிசோட் எங்கே ஆரம்பிக்கிறது என்று ஞாபகம் இருக்கிறதா? கடலில் அல்ல, தாவீது ராஜா காலத்தில், ஆசாப் பாட்டு எழுதுகிற இடத்தில். சங்கீதம் 77. 'தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ?' என்று கேட்கிற சங்கீதம் அது. முடிகிற இடத்தில், உமது வழி கடலில் இருந்தது, உமது காலடிகள் தெரியவில்லை என்று வரும். காலடி தெரியாத தண்ணீர்! தண்ணீர்மேல் நடக்கிற காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டை வேதத்தில் தேடிப் பிடிக்க முடியாது. சேர்ப்பு என்று பெரியப்பா சொல்கிற மனத்தாங்கல் மத்தேயுவில் இல்லை என்பது உண்மை. ஆனால் சங்கீதத்தில் கொட்டிக் கிடக்கிறது. எழுதியவர்கள் அங்கிருந்து எடுத்து இங்கே வைத்திருக்கிறார்கள். அதற்கு ரசீதையும் முதல் காட்சியிலேயே காட்டிவிட்டார்கள். பெரியப்பாவிடம் இந்த வழியில் பேசிப் பாருங்கள், கொஞ்சம் இறங்கி வருவார்.

அடுத்த சீசனிலும் இதே வேலையைத்தான் செய்தார்கள். சீஷன் தோமாவுக்கு நிச்சயம் செய்த ராமா என்ற பெண், நம் ஊரில் குழப்பம் தரும் பெயர்தான், முழுக்கக் கற்பனைப் பாத்திரம். ரோம அதிகாரி குவிண்டஸ் கையால் அவள் சாகிறாள். இயேசு அவளை எழுப்பவில்லை. அதே சீசனில் செத்துப்போன லாசருவை எழுப்புகிறார். தோமா அதை நின்று பார்க்கிறான். அப்போது ரசிகர்கள் கொதித்த கொதிப்புக்கு முன்னால் உங்கள் பெரியப்பா சாது. முதல் தடவை அது துணிச்சல். இரண்டாம் தடவை, அதுவும் கொலையோடு, எனக்குக் கொஞ்சம் சூத்திரம் மாதிரிப் பட்டது. ஒரு கற்பனைத் துக்கத்தை ஒரு நிஜ அற்புதத்துக்குப் பக்கத்தில் வைத்தால் தீப்பிடிக்கும் என்று கண்டுகொண்டார்கள்.

மற்ற சீசன்களின் முடிவுகளை அதிகம் பேச வேண்டாம். முதல் சீசன் கிணற்றடியில் சமாரியப் பெண்ணோடு முடிந்தது, அதைக் குறை சொன்னவரை நான் பார்த்ததில்லை. இரண்டாவது, மலைப்பிரசங்கத்துக்கு எல்லாம் தயாராகி, இயேசு திரையை விலக்கி வெளியே வந்ததும் முடிந்துவிட்டது. பிரசங்கத்தைக் கேட்க அடுத்த சீசன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இலை போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு, சாதம் நாளைக்கு என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

பக்கத்து வீட்டு மாமிக்குப் பதில் சொல்ல மறந்துவிட்டேன். அவருக்குத் தஞ்சாவூர் பக்கத்து மேலட்டூரை ஞாபகப்படுத்துங்கள். நரசிம்ம ஜயந்தியை ஒட்டி அங்கே பாகவத மேளா என்கிற நாட்டிய நாடகத்தில் பிரகலாத சரித்திரம் நடக்கும். இரவில் தொடங்கி விடியும் நேரம் வரை போகும். பாட்டு தெலுங்கு, பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்குப் பாஷை தெரியாது. தூணிலிருந்து யார் வரப்போகிறார் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் தூங்கி வழிந்தவர்கள்கூட நரசிம்மர் வரும் நேரத்துக்கு எழுந்து நின்று கைகூப்புவார்கள். அந்த முகமூடி கோயிலில் வைத்துப் பூஜை செய்யப்படுவது. வேஷம் கட்டுகிறவர் விரதம் இருந்து கட்டுவார். அங்கே யாரும் முடிவைத் தெரிந்துகொள்ளப் போவதில்லை. மாமியும் ஒரு முறையாவது போயிருப்பார்.

எங்கள் மண்டபத்தில் கரண்ட் வந்தபோது மணி பத்தரை. விட்ட இடத்திலிருந்து போடலாமா, கொஞ்சம் பின்னால் தள்ளிப் போடலாமா என்று கேட்டேன். நாகப்பட்டினத்து அக்காதான், "மூழ்கறதுக்கு முன்னாடி, அவன் கேக்கற இடத்திலிருந்து போடுங்க தம்பி" என்றார். போட்டேன். இந்தத் தடவை நான் தமிழில் எதுவும் சொல்லவில்லை, யாரும் சொல்லச் சொல்லவும் இல்லை. சமையல்காரப் பெரியவர் மட்டும் பன்னிரண்டு கூடை மிச்சம் என்ன ஆயிற்று என்று போகும்போது கேட்டார். சுவிசேஷம் அதைச் சொல்லவில்லை. அவருக்கு அது இன்றைக்கும் மனக்குறை.

பெரியப்பாவோடு சமாதானம் ஆக வேண்டுமானால், யோவான் 6-ஆம் அதிகாரத்தை அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அப்பம், கடல், மறுநாள் நடந்த பேச்சு எல்லாம் ஒரே அதிகாரத்தில் தொடர்ச்சியாக வரும். அப்பம் சாப்பிட்ட கூட்டம் மறுநாள் அவரைத் தேடிக் கப்பர்நகூமுக்கு வருகிறது. அவர் பேசப் பேச முணுமுணுக்கிறது. இது கடினமான உபதேசம் என்று சொல்லிச் சீஷர்களிலேயே அநேகர் விலகிப் போகிறார்கள். பாதியில் எழுந்து போனவர்கள் புத்தகத்திலேயே இருக்கிறார்கள் என்பது அங்கே வரும். அந்த இடம் வரும்போது மட்டும் நீங்கள் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள்.